மெஹர்பானு டீச்சர் அப்படிச் சொல்லவில்லை

மெஹர்பானு டீச்சர் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் அவருடைய அண்ணன் ஜாபர் கோவை மருத்துவமனையிலிருந்து அழைத்தார். "பானு போயிட்டா, செல்வி" என்றார். கொழிஞ்சாம்பாறை பஸ் நிலையத்தில் கோவை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது இரண்டாவது செய்தி கைபேசியில் வந்தது. டீச்சரின் படம். படத்தைச் சுற்றி ஒளிவட்டம். கீழே, 'உலகம் வெறும் நிழல் என்று கண்டறிந்த விஞ்ஞானி ஒளியில் கலந்தார்' என்று தங்க நிறத்தில் எழுத்துகள். கூடவே ஒரு வீடியோத் துண்டு. எந்த வீடியோவை நீக்க வேண்டும் என்று தன் கடைசிக் காலம் முழுக்க அவர் அலைந்தாரோ, அதே வீடியோ. அவருடைய உடல் அப்போது மருத்துவமனையை விட்டு வெளியே வந்திருக்கவில்லை.

நினைவஞ்சலி எழுதுவதற்கென்று ஒரு சாந்தமான குரல் உண்டு. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் என்பதால் எனக்கும் அது கைவரும். அந்தக் குரலில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை. டீச்சரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்கள், அந்தத் தங்க நிற எழுத்துகளை மட்டும் பார்த்தவர்கள், இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அவர் பாலக்காட்டுக் கடைவீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்த ராவுத்தர் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பெங்களூரில் கருந்துளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினார். தகப்பனார் படுக்கையில் விழுந்தபோது ஊர் திரும்பி, கிழக்குப் பாலக்காட்டில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கல்லூரியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்தார். எனக்கு மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக உட்காருவோம். அவருடைய தூக்குப் பாத்திரத்தில் பெரும்பாலும் நெய்ச்சோறு இருக்கும், என்னுடையதில் ஏதாவது ஒரு புளிக்குழம்பு. இரண்டையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வோம்.

அப்படி ஒரு மதியத்தில்தான், உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று கேட்டேன். அவர் தன் தகப்பனாரின் குடோனிலிருந்து தொடங்கினார். "அத்தாவோட குடோன் பெருசானா மூட்டை கூட அடுக்கலாம். அது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. ஆனா பிரபஞ்சம் அந்தக் கணக்குல ஓடல. உள்ளே எவ்வளவு விஷயம் அடங்கும்னு சுவரோட பரப்புதான் முடிவு பண்ணுது. அதாக்கும் எங்களை எல்லாம் தூங்க விடாத விஷயம்" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஓர் இடத்துக்குள் பொருளையும் தகவலையும் திணித்துக்கொண்டே போனால் கடைசியில் அது கருந்துளையாகிவிடும். கருந்துளைக்குள் எவ்வளவு தகவல் அடங்கும் என்பதை அதன் கன அளவு தீர்மானிப்பதில்லை, வெளிப்பரப்பே தீர்மானிக்கிறது. அப்படியானால் உள்ளே நடக்கிற அத்தனையையும் வெளிப்பரப்பில் மிச்சமில்லாமல் எழுதிவிட முடிய வேண்டும். ஏ.டி.எம். அட்டையில் மினுங்குகிற படம் தட்டையான தகடுதான். சாய்த்துப் பார்த்தால் அதற்குள் ஆழம் தெரிகிறது. பிரபஞ்சமும் அந்த மாதிரி இருக்கலாம் என்பது ஒரு கருத்து. 'இருக்கலாம்' என்ற சொல்லை அவர் ஒருபோதும் விட்டதில்லை. காகிதத்தில் கட்டிப் பார்த்த வேறு வகைப் பிரபஞ்சங்களில் இந்தக் கணக்கு அழகாக ஒத்துப்போகிறது, நாம் வாழும் இந்தப் பிரபஞ்சத்துக்கு இன்னும் யாரும் நிறுவவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லி முடிப்பார்.

ஒரு மாத இதழ் அவரிடம் இதைப் பற்றிக் கட்டுரை கேட்டது. எழுதினார், மொழியை நான் பார்த்துக் கொடுத்தேன். அச்சுக்குப் போகும் முன் தலைப்பைக் காட்டினார்கள். 'எல்லாம் மாயை: விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது.' அக்கா ஆசிரியரைக் கைபேசியில் அழைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரே விஷயத்தைத் தமிழிலும் சொல்லலாம், மலையாளத்திலும் சொல்லலாம், அதில் ஒன்று நிஜம் மற்றது நிழல் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை, உள்ளே நடப்பதும் பரப்பில் எழுதியிருப்பதும் அதைப்போல இரண்டு மொழிகள், இரண்டும் நிஜம் என்றார். இந்தத் தலைப்பு வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டும். "பிடிக்கும்கிறதுக்காக மாத்த இது சினிமா போஸ்டர் இல்லைங்க. கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்று வைத்துவிட்டார். கட்டுரை அந்த இதழில் வரவில்லை. அதற்காக அவர் வருந்தியதும் இல்லை.

என் ஊர் வண்டிப்பெரியார். அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். அங்கே வாயனசாலை என்று நாங்கள் சொல்லும் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேச அக்காவை அழைத்துப் போனேன். கம்பம் வழியாகக் குமுளி மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார். ஆனாலும் மேடையில் நின்று தமிழிலேயே பேசினார். எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்திருந்த பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பேச்சின் நடுவே இரண்டு வாக்கியங்கள் சொன்னார். "நாம பார்க்கிற இந்த உலகம் முழுக்க, எங்கேயோ தூரத்துல ஒரு பரப்புல எழுதியிருக்கிற தகவலோட நிழல் மாதிரி இருக்கலாம். அதுல எழுதினது எதுவும் அழியறதில்ல."

அதைக் கேட்டதும் கொழுந்து எடுக்கும் மாரியம்மாள் எழுந்தார். "அப்ப நாங்க மலை ஏறிச் சுமக்குற கொழுந்துச் சாக்கும் நெழலுங்கீகளா டீச்சர்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி அவர் அருகே வந்தார். சாக்கின் எடையும் நிஜம், முதுகுவலியும் நிஜம், நிழல் என்ற சொல்லை ஓர் உவமைக்காக எடுத்தேன், அந்த உவமையால் யாராவது உங்கள் வலியை இல்லை என்று சொன்னால் உவமையைத் தூக்கி எறியுங்கள் என்றார். "கணக்கு எங்கே எழுதியிருந்தாலும் வலிக்கிறது இங்கேதான்மா" என்றார். படிப்பகத்தார் முழுப் பேச்சையும் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள்.

அட்டப்பாடி மலைப்பாதையில், அகளிக்குப் போகிற வழியில், ஒருவர் நோய் தீர்க்கும் நிலையம் நடத்துகிறார். அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்வார். உடம்பு ஒரு பிம்பம், நோய் அந்தப் பிம்பத்தில் விழுந்த கறை, மூலத்தில் எழுதியிருப்பதை மனத்தால் திருத்தினால் பிம்பம் தானே சரியாகும் என்பது அவருடைய வைத்தியம். மருந்து பிம்பத்துக்குச் செய்கிற அலங்காரமாம். அவர் அக்காவின் பேச்சிலிருந்து அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் வெட்டி எடுத்தார். மாரியம்மாள் எழுவதற்கு முன் படம் நின்றுவிடும். ஓர் எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை என்று பின்னால் அவருடைய வக்கீல் எழுதினார். உண்மைதான். பேச்சு அக்காவுடையது, அது நின்ற இடம் மட்டும் அவருடையது.

அந்தத் துண்டைப் பற்றி எங்களுக்குத் தெரிய வந்தது தங்கவேலு மூலமாகத்தான். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் தென்னையும் தக்காளியும் வைத்திருக்கும் விவசாயி. அவருடைய மகள் எங்கள் கல்லூரியில் படித்தவள். ஒரு நாள் மதியம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம். வந்து உட்கார்ந்தார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங் டீச்சர், அந்த வீடியோவுல பேசுனது நீங்கதானுங்களா?"

எந்த வீடியோ என்று அக்காவுக்குப் புரியவில்லை. அவர் தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். அக்கா முழுவதும் பார்த்தார். நான்தான் என்றார்.

தங்கவேலுவின் மனைவி சரசுவுக்குப் பல காலமாகச் சர்க்கரை நோய். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலையத்தில் சேர்ந்த பிறகு ஊசியை நிறுத்தினார். மகள் படித்த கல்லூரியின் டீச்சரே சொல்கிறாரே என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். சில வாரங்களில் சரசு நினைவு தப்பி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. இதையெல்லாம் தங்கவேலு குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அவர் வந்தது வேறொன்றைக் கேட்க.

"எழுதுனது எதுவும் அழியாதுன்னு சொன்னீங்கல்லங்க. அப்ப எங்கூட்டுக்காரியும் அங்க எங்கியாச்சும் இருக்காளுங்களா?"

நானாக இருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறெதுவும் சொல்ல எனக்கு வராது. அக்கா தன் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"இல்லைங்க. ஒரு காகிதத்தை எரிச்சா, அந்தச் சாம்பல், புகை, வெளிச்சம் எல்லாத்தையும் ஒண்ணு விடாம சேர்த்தா, அதுல இருந்த எழுத்து தொலையலைன்னு சொல்ற கணக்கு அது. அந்தக் காகிதத்தைத் திருப்பித் தர்ற கணக்கு இல்ல. உங்க வீட்டுக்காரம்மா போயிட்டாங்க. ஊசியை நிறுத்தலைன்னா இன்னிக்கு இருந்திருப்பாங்க. நிறுத்தச் சொன்னவன் பொய் சொன்னான். என் முகத்தை வெச்சுச் சொன்னான்."

தங்கவேலு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நெடுநேரம் கழித்து, "எல்லாரும் விதின்னுதான் சொன்னாங்க. நீங்கதான் நடந்ததைச் சொன்னீங்க" என்றார். அவர் போன பிறகு அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. "நான் சொன்னது தப்பில்ல, செல்வி. ஆனா நான் சொன்ன ஒரு வாக்கியம் என்னை விட்டுட்டுத் தனியாப் போய் ஒரு வீட்டுக்குள்ள நுழையும்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

அடுத்த நாளே அக்கா தங்கவேலுவைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த இளம் அதிகாரி வீடியோத் துண்டைப் பார்த்துவிட்டு, டீச்சரே, பேசுவது நீங்கள்தானே, பிறகென்ன புகார் என்று கேட்டார். முழுப் பேச்சையும் போட்டுக் காட்டினோம். பாதியில் அவருக்கு ஏதோ அழைப்பு வந்தது, எழுந்து போனவர் திரும்பவில்லை. வீடியோ இருந்த தளத்துக்கு எழுதினோம். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. சுகாதாரத் துறையில், சரசுவிடம் ஊசியை நிறுத்தச் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். யார் அதை எழுதிக் கொடுப்பார்கள்?

கல்லூரியில் நடந்ததுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நிர்வாகத்தில் சிலருக்கு அந்த நிலையத்தில் பழக்கம் உண்டு. கல்லூரியின் பெயரைப் பொது விவகாரத்தில் இழுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் அதை நான்காக மடித்து, ஆய்வுக்கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். துறைத் தலைவர் நல்லெண்ணத்தோடு பேசுவதுபோல வந்து உட்கார்ந்தார். உலகமே நிழல் என்கிற ஞானம் நம் மண்ணில் எப்போதும் இருக்கிறது, உங்கள் அறிவியலும் அங்கேதானே வந்து சேர்கிறது, இதில் சண்டை எதற்கு என்றார். தன் வீட்டைச் சுற்றி மதில் எழுப்ப, பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு முழ நிலத்துக்கு வழக்கு நடத்தியவர் அவர். உலகம் நிழல் என்று பேசுகிற யாரும் தன் வீட்டுப் பத்திரத்தை நிழல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நிழலாகிப்போவதெல்லாம் அடுத்தவர் வலிதான்.

யாரும் நீக்காத அந்த வீடியோவுக்கு அக்கா தானே பதில் சொல்லக் கிளம்பினார். வேலந்தாவளத்தில் வாராவாரம் மாட்டுச் சந்தை கூடும். சுற்று வட்டாரத்து விவசாயிகள் எல்லோரும் அங்கே வருவார்கள், சரசுவைப் போலப் பலர் அந்த நிலையத்துக்குப் போவதும் அந்த ஊர்களிலிருந்துதான். தங்கவேலு ஒரு கை ஒலிபெருக்கி கொண்டு வந்து கொடுத்தார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, மாடுகளுக்கும் தரகர்களுக்கும் நடுவே நின்று கருந்துளைகளின் வெளிப்பரப்பைப் பற்றி ஒரு பெண் பேசுவதை அந்தச் சந்தை அதுவரை கண்டிருக்காது. "அந்த வீடியோவுல இருக்கறது நான்தான். அதுக்கப்புறம் நான் என்ன சொன்னேன்னு கேட்டுட்டுப் போங்க" என்று ஆரம்பிப்பார். மிச்சப் பேச்சைச் சொல்வார். உங்கள் மருந்தை யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள் என்று முடிப்பார்.

முதல் நாள் ஒரு தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசிக்கொண்டே, "ஏனுங் டீச்சர், நெழல் மாடு என்ன வெலைக்குப் போகுமுங்க?" என்று கேட்டார். "அது பால் கறந்தா சொல்லுங்க, நானே வாங்கிக்கறேன்" என்றார் அக்கா. தரகர் பேரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்த வாரம் அவரே அக்கா நிற்பதற்கு ஒரு வேப்பமரத்தடியை ஒதுக்கி வைத்திருந்தார். பேச்சு முடிந்ததும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வருவார், தன் மாத்திரைச் சீட்டைக் காட்டி, நிறுத்திவிட்டேன், மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்பார். உடனே டாக்டரிடம் போங்கள் என்று அக்கா அனுப்புவார். அவர்கள் உண்மையில் போனார்களா என்று விசாரிப்பது தங்கவேலுவின் வேலை.

அக்காவுக்குச் சிறு வயதுக் காய்ச்சலால் இதய வால்வு பழுது. வெயிலில் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் சண்டை போட்டேன். வெயில் தாழ்ந்த பிறகு பேசுகிறேன் என்றார். மாடுகளும் மனிதர்களும் அதற்குள் கலைந்துவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் மூச்சு வாங்கி ஒரு நாள் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள்.

இந்த இடத்தை நான் தெளிவாக எழுத வேண்டும். ஏனென்றால், கடைசி நாட்களில் டீச்சர் தன் நிலையத்துக்கு வந்து மௌனத்தில் அமர்ந்தார், மருந்துகளைத் துறந்தார் என்று அந்த ஆள் இப்போது பேசுகிறார். பொய். கடைசி நாட்களில் நான் அவருடன் இருந்தேன். அவர் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். உலோக வால்வா, திசு வால்வா என்று அறுவை மருத்துவரைக் கேள்விகளால் துளைத்தார். அறுவை அறைக்குள் கொண்டு போவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு, செல்வி. நீ ஒண்ணும் சொல்லாத. சும்மா இரு" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அவருடைய கை சில்லிட்டிருந்தது. அறுவைக்குப் பிறகு கண் விழித்தார், பேசினார், எலுமிச்சைச் சாறு கேட்டார். பிறகு கிருமித் தொற்று வந்தது. மருத்துவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். முடியவில்லை. நடந்தது இவ்வளவுதான். இதில் ஒளியும் இல்லை, கலப்பதும் இல்லை.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மெமோ கொடுத்தவர்கள் மாலை வாங்கி வந்திருந்தார்கள். துறைத் தலைவர் குரல் தழுதழுக்கப் பேசினார். பிரபஞ்சமே ஒரு முப்பரிமாணப் பிம்பம் என்றால் மெஹர்பானு எங்கே போய்விட்டார், வானத்தின் விளிம்பில் எங்கோ அவர் எழுதப்பட்டிருக்கிறார், நாம் அழ வேண்டியதில்லை என்றார். சிலர் கண்களைத் துடைத்தார்கள். எழுந்து கத்திவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

நான் எழுவதற்குள் பின்வரிசையில் தங்கவேலு எழுந்து நின்றார். அவர் வந்திருப்பதை நான் கவனித்திருக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க. எம்பொண்டாட்டி செத்தப்ப நான் அதைத்தானுங்க டீச்சர்கிட்ட கேட்டேன். ஆமான்னு சொல்லியிருந்தா எனக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும். அவங்க சொல்லலீங்க. இப்ப நீங்க அவங்களுக்கு அதைச் சொல்லாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். துறைத் தலைவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு இறங்கினார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மருத்துவமனையிலும் வரவில்லை, நல்லடக்கத்தன்று ஜாபரின் வீட்டிலும் வரவில்லை.

புகார் கொடுத்தவர் இறந்துவிட்டதால் புகாரும் முடிந்தது என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். தங்கவேலுவும் நானும் எங்கள் பெயரில் புதிதாகக் கொடுத்திருக்கிறோம். அதே அதிகாரி, இதில் உங்களுக்கு என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்டார். உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னேன். இந்த முறை அவர் எழுந்து போகும்போது நானும் பின்னாலேயே போனேன்.

எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்கிற பெண்ணுக்கு முதலில் பழக்குவது தலையைக் குனியத்தான். துரை வந்தால் குனி, கங்காணி வந்தால் குனி, பேச்சு உயர்ந்தால் நீ தாழ்ந்துகொள். படித்து, வேலைக்கு வந்து, மேடையில் பேசிய பிறகும் அந்தப் பழக்கம் என் கழுத்தில் இருந்தது. யார் எதை இழந்து நின்றாலும் இனிமையாக இரண்டு வார்த்தை சொல்லி நகர்ந்துவிடுகிறவளாகத்தான் இருந்தேன். ஜாபர் பானுவின் பொருள் ஏதாவது எடுத்துக்கொள் என்றார். எதுவும் வேண்டாம் என்றேன். அக்காவிடமிருந்து எனக்கு வேண்டியது ஏற்கனவே என்னிடம் வந்துவிட்டது. அது அவருடைய கோபம். ஒருவரையும் ஏமாற்றாமல், ஒருவருக்கும் இனிப்பாகப் பொய் சொல்லாமல், சரியான ஆளைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிற கோபம். நாளாக நாளாக ஆறிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆறவிட மாட்டேன்.